பொடி இன்ஹேலர் போட்டும் மூச்சு சரியாகவில்லையா? இழுக்கிற வேகத்திலிருந்து ஆரம்பியுங்கள்

மருந்துக்கடைக் கவுண்டரில் நிற்கிற எனக்கு வாரத்தில் இரண்டு மூன்று பேராவது சொல்லிவிடுகிற புகார் இது: "இந்தப் பொடி மருந்து எனக்குக் கேட்கல, வேற ஏதாவது குடுங்க." மாற்றிக் கொடுப்பது டாக்டர் வேலை, ஆனால் அதற்கு முன்னால் ஒரு தடவை எப்படிப் போடுகிறீர்கள் என்று என் கண் முன்னால் போட்டுக் காட்டுங்கள் என்பேன். காட்டும்போதே பல நேரம் விடை தெரிந்துவிடும். மருந்து நல்ல மருந்துதான், அது நுரையீரல் வரைக்கும் போய்ச் சேரவே இல்லை.

ஏன் என்று புரிய வேண்டுமானால் பொடிக்குள் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். அமுக்குகிற பம்ப் இன்ஹேலரில் வாயு அடைத்திருக்கிறது, அமுக்கினால் அந்த வாயுவே மருந்தை வெளியே தள்ளிவிடும். பொடி இன்ஹேலரில் தள்ளுவதற்கு எதுவுமே கிடையாது, நீங்கள் இழுக்கிற மூச்சுதான் அதன் எஞ்சின். நுரையீரலின் சின்னக் குழாய்களுக்குள் போக வேண்டுமென்றால் மருந்துத் துகள் 1 முதல் 5 மைக்ரானுக்குள் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இருக்க வேண்டும். அவ்வளவு பொடிசான தூள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு நகராது என்பதால் பெரும்பாலான பொடி மருந்துகளில் அதைவிடப் பல மடங்கு பெரிய லாக்டோஸ் (பால் சர்க்கரை) துகள்களோடு கலந்து, அவற்றின் மேல் ஒட்டியிருக்கும்படி செய்கிறார்கள். கோலிக்குண்டின் மேல் விபூதி பூசியது மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வேகமாக வந்தால் விபூதி உதிர்ந்து காற்றோடு உள்ளே போகும், கோலிக்குண்டு தொண்டையில் நின்றுவிடும். மூச்சு மெதுவாக வந்தால் கோலியும் விபூதியும் சேர்ந்தே தொண்டையில் மோதி, எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும்.

கீழே சொல்வதெல்லாம் மூச்சு ஓரளவு நிதானமாக இருக்கும்போது உட்கார்ந்து சரிபார்க்க வேண்டியவை. இப்போதே திணறுகிறது, ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியவில்லை, உதடு நீலமாகத் தெரிகிறது என்றால் இதைப் படித்துக்கொண்டிருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். கையில் உடனடி நிவாரண பம்பும் ஸ்பேசரும் (பம்போடு பொருத்தி மூச்சிழுக்கிற குழாய்க் கூடு) இருந்தால் டாக்டர் சொல்லியிருக்கிற அளவில் அதைப் போட்டுக்கொண்டே காத்திருங்கள்.

இழுத்த பிறகும் பொடி மிச்சம் இருக்கிறது

நம் ஊரில் அதிகம் புழங்குவது ரோட்டாஹேலர் மாதிரி கேப்சூல் போடுகிற வகை, அதில் உள்ளே இருப்பது கண்ணுக்குத் தெரியும் என்பதால் இந்தக் குறையைக் கண்டுபிடிப்பதும் சுலபம். இழுத்து முடித்ததும் திறந்து பாருங்கள். கேப்சூல் ஓட்டின் உள்பக்கம் லேசாகப் புகை படிந்தது போல இருந்தால் பரவாயில்லை. தட்டினால் கொட்டுகிற அளவுக்குப் பொடி இருந்தால் மருந்து போகவில்லை.

முதலில் கேப்சூல் சரியாகப் பிரிந்ததா என்று பார்க்க வேண்டும். ரோட்டாஹேலரில் கேப்சூலின் நிறமில்லாத பக்கம் உள்ளே போகிற மாதிரி சதுரத் துளையில் செருகி, மேல்மட்டத்துக்குச் சமமாக அழுத்தி, அடிப்பாகத்தை நிற்கிற வரைக்கும் திருக வேண்டும். பாதி திருகினால் கேப்சூல் பாதிதான் பிரியும். திருகிய பிறகு கருவியைப் படுக்கைவாட்டில் பிடிக்க வேண்டும், வாய்ப்பக்கம் கீழே சாய்ந்தால் பொடி மடியில்தான் விழும். ரெவோலைசர் மாதிரி ஊசியால் துளைக்கிற வகையில், மூடியை இறுக்கமாக மூடவில்லை என்றால் துளையே விழாது.

கேப்சூல் சரியாகப் பிரிந்தும் பொடி மிச்சம் இருக்கிறதா? அப்போது மூச்சுக்கு வருவோம்.

போன மாதம் ஒரு பெரியவர் வந்தார், எழுபது வயது இருக்கும், முப்பது வருஷம் பீடி பிடித்துவிட்டு இப்போது விட்டவர். போட்டுக் காட்டச் சொன்னேன். வாயில் வைத்தார், கன்னம் இரண்டும் உள்ளே ஒட்டியது, 'சுர்' என்று சத்தம்கூட வந்தது, அப்புறம் கருவியை எடுத்துவிட்டு மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டார். "நல்லாத்தானேம்மா உறிஞ்சினேன்" என்றார். நிஜமாகவே நன்றாகத்தான் உறிஞ்சினார். பீடி பிடிக்கும்போது முதலில் கன்னத்தால் வாய்க்குள் புகையை நிரப்பி, அதன்பிறகு நெஞ்சுக்குள் அனுப்புவது பழக்கம். அந்தக் கன்னங்கள் அதையே இங்கேயும் செய்கின்றன. இளநீரை ஸ்ட்ராவில் குடிப்பதும் இதே வேலைதான்.

தப்பு அவருடையது கிடையாது, நாங்கள் சொல்லிக்கொடுக்கிற வார்த்தையில் இருக்கிறது. "உறிஞ்சுங்க" என்றால் எந்தத் தமிழனும் கன்னத்தால்தான் உறிஞ்சுவான். வாய்க்குள் அடங்குகிற காற்று நூறு மில்லிகூட வராது, ஒரு ஆழமான மூச்சோ ஒன்றரை லிட்டர், இரண்டு லிட்டர், அதற்கு மேலும் வரும். கன்னத்தால் அழுத்தம் உண்டாக்கலாம், அதற்குப் பின்னால் காற்று இல்லை, பொடியைத் தூக்கிக்கொண்டு போக ஆள் இல்லை. அதனால் நான் அந்த வார்த்தையை விட்டுவிட்டேன். "ஐயா, குளத்துல முங்கி வெளிய வந்ததும் 'ஹக்'னு ஒரு மூச்சு இழுப்பீங்களே, அந்த மூச்சை இதுக்குள்ள இழுங்க" என்றேன். ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளச் சொன்னேன், கை மேலே ஏற வேண்டும், கன்னம் உள்ளே போகக் கூடாது. மூன்றாவது தடவை வந்துவிட்டது. திறந்து காட்டினேன், ஓடு காலி. அவர் அந்தக் காலி ஓட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு காரணம், இழுப்பதற்கு முன்னால் மூச்சை வெளியே விடாதது. நுரையீரல் ஏற்கெனவே முக்கால்வாசி நிறைந்திருந்தால் உள்ளே போக இடம் எங்கே? முகத்தைத் திருப்பி, முடிகிற வரைக்கும் மூச்சை வெளியே விட்டுவிட்டு, அப்புறம் கருவியை வாயில் வையுங்கள். பொடி மிச்சமிருந்தால் அதே கேப்சூலில் இன்னொரு தடவை இழுப்பதில் தப்பில்லை, சில கருவிகளுக்கு ஒரே கேப்சூலை இரண்டு தடவை இழுப்பதுதான் சட்டமான முறையே.

பொடி தொண்டையிலேயே படிகிறது, இருமல் வருகிறது

கொஞ்சம் இனிப்பு தெரிவது லாக்டோஸ், பலருக்கும் அப்படித் தெரியும், கவலை வேண்டாம். ஒவ்வொரு தடவையும் நாக்கிலும் தொண்டையிலும் மாவு அப்பினது போல இருந்தால்தான் பிரச்சினை.

இப்படி வருகிறவர்களில் நிறையப் பேர் வேகமாகத்தான் இழுக்கிறார்கள், ஆனால் மெதுவாக ஆரம்பித்து, போகப் போக வேகம் கூட்டுகிறார்கள், பஸ் கிளம்புகிற மாதிரி. பொடியின் பெரும்பகுதி மூச்சின் தொடக்கத்திலேயே கருவியை விட்டுக் கிளம்பிவிடும். அந்த நேரத்தில் வேகம் இல்லை என்றால் துகள்கள் உதிராமல் கட்டியாகவே கிளம்பி, தொண்டையின் வளைவில் நேராகப் போய் மோதும். நீங்கள் உச்ச வேகத்துக்கு வரும்போது கருவிக்குள் எடுத்துப்போக அதிகம் மிச்சமிருக்காது. முதல் அரை நொடியிலேயே முழு வேகம் வேண்டும், அந்த வேகத்தை நெஞ்சு நிறைகிற வரைக்கும் விடாமல் கொண்டுபோக வேண்டும்.

தலை குனிந்து இழுப்பதும் காரணமாக இருக்கலாம். கட்டிலில் சாய்ந்தபடி போடுகிறவர்கள் எழுந்து நேராக உட்காருங்கள், தாடையைக் கொஞ்சம் மேலே தூக்குங்கள், நாக்கு துளையை மறைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். இழுத்த பிறகு உதட்டை மூடி 10 நொடி, முடியாவிட்டால் முடிகிற அளவு, மூச்சை அடக்கிவிட்டு மெதுவாக விடுங்கள்.

போட்ட மாதிரியே தெரியவில்லை

டர்புஹேலர் (கேப்சூல் இல்லாமல், அடிப்பாகத்தைத் திருகி இழுக்கிற வகை) வாங்குகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. அதில் ஒரு தடவைக்கு வருகிற பொடி மிக மிகக் குறைவு, சில மருந்துகளில் லாக்டோஸே கிடையாது. ருசி, நெடி, தொண்டையில் உறுத்தல் எதுவும் தெரியாமல் போவது சகஜம். தெரியவில்லையே என்று திரும்பத் திரும்பத் திருகி இழுக்காதீர்கள், அளவு தப்பிப்போகும்.

குலுக்கினால் உள்ளே கலகலவென்று சத்தம் கேட்பதால் மருந்து இருக்கிறது என்று நம்பி, காலியான கருவியை வாரக்கணக்கில் இழுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தச் சத்தம் ஈரம் உறிஞ்சுகிற பொருளுடையது. எண்ணிக்கை காட்டுகிற ஜன்னலை மட்டும் நம்புங்கள்.

மருந்து போனதா என்று ருசியை வைத்துச் சொல்ல முடியாத இந்த மாதிரி கருவியில்தான் வேகம் எவ்வளவு முக்கியம் என்று அளந்தே பார்த்திருக்கிறார்கள். 1994-இல் வெளியான ஓர் ஆய்வில் டர்புஹேலர் வழியாக புடெசொனைடு என்ற ஸ்டீராய்டு மருந்தை நிமிடத்துக்கு 60 லிட்டர் அளவு வேகத்தில் இழுத்தபோது சுமார் 28 சதவீதம் நுரையீரலில் சேர்ந்தது, 35 லிட்டர் அளவுக்குக் குறைத்து இழுத்தபோது 15 சதவீதம்தான். அதே ஆள், அதே கருவி, அதே விலை, பாதி மருந்து.

கேப்சூல் சுற்றுகிற சத்தம் வரவில்லை

ப்ரீஸ்ஹேலர் மாதிரி கருவிகளில் இழுக்கும்போது கேப்சூல் உள்ளே சுழன்று 'விர்' என்று கேட்க வேண்டும், ஹாண்டிஹேலரில் கடகடவென்று அதிரும். சத்தம் வந்தால் காற்று போதுமான வேகத்தில் போகிறது என்று அர்த்தம், வீட்டிலேயே கிடைக்கிற சோதனை இதுதான். வரவில்லை என்றால் கேப்சூல் இடுக்கில் மாட்டியிருக்கலாம், அடியில் லேசாகத் தட்டிவிட்டு மறுபடி இழுத்துப் பாருங்கள். துளைக்கிற பொத்தானை அமுக்கியபடியே இழுத்தாலும் சுற்றாது, அமுக்கி, கையை எடுத்துவிட்டு, அப்புறம் இழுக்க வேண்டும். திரும்பத் திரும்ப அமுக்கவும் வேண்டாம், கேப்சூல் நொறுங்கித் துணுக்குகள் வாய்க்குள் வரும். வந்தாலும் ஆபத்தில்லை, துப்பிவிடலாம்.

இழுக்கவே கஷ்டமாக இருக்கிறது, அடைத்துக்கொண்டது போல

புதிதாகக் கருவி மாற்றியவர்கள் "இது பழுது, மாத்திக் குடுங்க" என்று கொண்டுவருவது பெரும்பாலும் பழுதாக இருக்காது. ஒவ்வொரு கருவிக்கும் உள்ளே ஒரு தடை உண்டு. ரோட்டாஹேலர், ப்ரீஸ்ஹேலரில் தடை குறைவு, காற்று தாராளமாகப் போகும். அக்யூஹேலர் (வட்டமான, கேப்சூல் போடாத வகை) நடுத்தரம், டர்புஹேலர் அதற்கு மேல், ஹாண்டிஹேலர் நன்றாகவே இறுக்கம்.

இதில் பலருக்கும் தலைகீழாகப் புரிகிற ஒரு விஷயம் இருக்கிறது. இறுக்கமான கருவி பலவீனமானவர்களுக்கு ஆகாது என்று நினைக்கிறோம். பொடியை உதிர்ப்பது காற்றின் வேகம் மட்டும் கிடையாது, அந்தத் தடைக்கு எதிராக நெஞ்சு உண்டாக்குகிற அழுத்த வித்தியாசம். ஆய்வகத்தில் பொடி இன்ஹேலர்களைச் சோதிக்க எடுத்துக்கொள்கிற அளவு 4 கிலோபாஸ்கல், அதாவது சுமார் 40 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீரை மேலே தூக்குகிற இழுவை. ப்ரீஸ்ஹேலரில் அந்த அழுத்தம் வர நிமிடத்துக்கு 100 லிட்டருக்கு மேல் காற்று ஓட வேண்டும், ஹாண்டிஹேலரில் 40 லிட்டர் பக்கம் வந்தாலே போதும். ஹாண்டிஹேலரில் 20 லிட்டரிலேயே கேப்சூல் அதிர ஆரம்பித்துவிடும். அதனால் "வேகமா இழுங்க" என்று எல்லாக் கருவிக்கும் ஒரே மாதிரி சொல்வது சரியில்லை. ரோட்டாஹேலரில் படாரென்று இழுங்கள், ஹாண்டிஹேலரில் அதிர்கிற சத்தம் விடாமல் கேட்கிற அளவுக்கு நிதானமாக, ஆழமாக, கடைசிவரைக்கும் இழுங்கள்.

நிஜமாகவே அடைப்பு இருக்கிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். விரல் அல்லது உதடு காற்றுத்துளையை மூடியிருக்கலாம், எலிப்டா என்ற கருவியில் இது எளிதாக நடக்கும். ரோட்டாஹேலரின் வலைச்சல்லடையில் பழைய பொடி இறுகியிருக்கலாம்.

மழைக்காலம் வந்தால் சரியாகக் கேட்பதில்லை

ஐப்பசி, கார்த்திகையில், அதிலும் கடற்கரை ஊர்களில், இந்தப் புகார் கூடும். குளிர்காற்றில் இளைப்பு அதிகமாவது ஒரு பக்கம், பொடி ஈரம் வாங்குவது இன்னொரு பக்கம். ஈரம் பட்ட துகள்கள் கட்டிப்படும், எவ்வளவு வேகமாக இழுத்தாலும் உதிராது. கேப்சூலும் பிசுபிசுத்து சரியாகப் பிரியாது.

வாரத்துக்கு வேண்டிய கேப்சூலைப் பிரித்து மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பது, பாத்ரூம் அலமாரியில், அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைப்பது, ஃபிரிட்ஜில் வைத்து எடுத்துத் திறப்பது, மூன்றும் வேண்டாம். போடுகிற நேரத்தில் மட்டும் ஒன்றை எடுத்துவிட்டு உடனே புட்டியை இறுக்கி மூடுங்கள். ஈரக்கையால் தொடாதீர்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஈரம் நம் வாயிலிருந்தே வருகிறது. கருவிக்குள் மூச்சை விடவே கூடாது. விட்டால் பொடி பறந்து போகும், மிச்சம் நனைந்து போகும். ரோட்டாஹேலரைக் கழுவலாம், ஆனால் முழுசாகக் காய்ந்த பிறகுதான் அடுத்த கேப்சூல். டர்புஹேலர், அக்யூஹேலரைக் கழுவவே கூடாது, உலர்ந்த துணியால் வாய்ப்பக்கத்தைத் துடைத்தால் போதும்.

முன்பு நன்றாகக் கேட்டது, இப்போது கேட்கவில்லை

முதல் கேள்வி, சமீபத்தில் கருவி மாறியதா? கடையில் இருப்பில்லை என்று வேறு கருவி வாங்கினீர்களா? மருந்துப் பெயர் ஒன்றாக இருந்தாலும் தடை வேறு, இழுக்கிற முறை வேறு. இரண்டாவது, பம்பும் பொடியும் இரண்டும் வைத்திருக்கிறீர்களா? பம்பை மெதுவாக ஆழமாக இழுக்க வேண்டும், பொடியைப் பெரும்பாலும் வேகமாக ஆழமாக. இரண்டும் ஒரே பையில் இருக்கும்போது முறை குழம்பிப்போவது ரொம்பவும் சாதாரணம், அப்படிக் குழம்புகிறவர்களுக்கு இரண்டையும் ஒரே வகையாக மாற்றித்தர முடியுமா என்று டாக்டரிடம் கேட்கலாம். மூன்றாவது கேள்வி கேட்கவே சங்கடமாக இருக்கும், ஆனால் கேட்டுவிடுவேன்: வீட்டில் வேறு யாராவது கொடுக்கிறார்களா, கேப்சூலைத் தண்ணீரோடு விழுங்கிவிடுகிறீர்களா? பார்க்க மாத்திரை மாதிரியே இருப்பதால் இது நடக்கிறது. அமெரிக்காவில்கூட இப்படி விழுங்குகிறார்கள் என்று 2008-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரிக்கை விட வேண்டி வந்தது.

பல் செட் போட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. செட்டைக் கழற்றிவிட்டால் உதடு குழாயைச் சுற்றி இறுகாது, பக்கவாட்டில் காற்று புகுந்து கருவிக்குள் ஓட்டம் குறையும். செட்டோடு போட்டுப் பாருங்கள்.

இவை எதுவும் இல்லை என்றால் நோயே கூடியிருக்கலாம். சி.ஓ.பி.டி. (பெரும்பாலும் புகையால் வருகிற நாள்பட்ட மூச்சுக்குழாய் அடைப்பு நோய்) உள்ளவர்களுக்கு வெளியே போகாத காற்று நெஞ்சில் தேங்கி, உதரவிதானம் தட்டையாகிவிடும், இழுக்கிற தசைக்கு வலு குறைந்துவிடும். ஆஸ்துமாவில் இழுப்பு கடுமையாகும்போதும் இதே கதி. மருந்து அதிகம் தேவைப்படுகிற நேரத்தில்தான் பொடியை இழுக்கத் தெம்பு இருக்காது. உடனடி நிவாரண மருந்தை வழக்கத்தைவிட அடிக்கடி எடுக்க வேண்டியிருந்தால் முறையைத் திருத்திக்கொண்டே நாளைக் கடத்தாமல் டாக்டரைப் பாருங்கள்.

குரல் கம்முகிறது, நாக்கில் வெள்ளை படிகிறது

ஸ்டீராய்டு உள்ள பொடி தொண்டையில் தங்குவதால் வருவது. ஒவ்வொரு தடவையும் வாய் கொப்பளித்துத் துப்புங்கள். மெதுவாக இழுக்கிறவர்களுக்கு இது அதிகம் வரும் என்பதால் மேலே சொன்ன முதல் அரை நொடியையும் சரிபாருங்கள். வெள்ளை போகாவிட்டால் மருந்து தேவைப்படும்.

எவ்வளவு முயன்றும் வேகம் வரவில்லை

இன்-செக் டயல் என்று ஒரு சின்னக் கருவி இருக்கிறது. உங்கள் இன்ஹேலரின் தடைக்கு ஏற்ப அதைத் திருகி வைத்து இழுத்தால் நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் வருகிறது என்று முள் காட்டும். இருமுறை பழகியும் கேப்சூல் காலியாகாதவர்கள், மெலிந்த வயதானவர்கள், சமீபத்தில் மூச்சுத்திணறி ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்தவர்கள், இந்த மாதிரி அளவெடுக்க முடியுமா என்று நெஞ்சுநோய் மருத்துவரிடம் கேளுங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளிடம் பொடியைப் போட்டுப் போராட வேண்டாம், அவர்களுக்கு பம்பும் ஸ்பேசரும்தான், தேவைப்பட்டால் முகமூடியும். பெரியவர்களுக்கும் வேகம் வரவில்லை என்றால் அதே பம்பும் ஸ்பேசரும், தேவைப்பட்டால் நெபுலைசரும் இருக்கின்றன. இதில் தோற்றுப்போனதாக நினைக்க ஒன்றுமில்லை, ஆனால் நீங்களாக நிறுத்திவிட்டு மாறாதீர்கள்.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது சீட்டோடு கருவியையும் ஒரு கேப்சூலையும் பையில் போட்டு எடுத்துப்போங்கள். அன்றைய வேளை மருந்தைப் போடாமல் போய், அவர் முன்னால் போட்டு, இழுத்து முடித்ததும் ஓட்டைத் திறந்து அவரிடமே காட்டுங்கள்.